சாவுப் படங்களில் என் அம்மா

அந்தக் கண்கள் வரைந்த கண்கள் என்பது எனக்கு முப்பது வயதைத் தாண்டித்தான் தெரிந்தது. அதுவும் மரக்காணம் கடைத்தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில், சாதிச் சான்றிதழ் நகலெடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவில்.

"இது உசுரோட இருக்கறப்ப புடிச்சது இல்லம்மா. சாவுப் படம். கண்ணு நான் போட்டது" என்றார் ஸ்டூடியோக்காரர்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சபாஷ் போடுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்கு அவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பச் சொல்லிவிட்டு ஓர் அறை விடலாமா என்று இருந்தது. நியாயம் இல்லைதான். ஆனால் அது என் அம்மாவின் படம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் பார்த்துப் பேசிய கண்கள் அவை.

அம்மா சாகும்போது எனக்கு மூன்று வயதுகூட முடியவில்லையாம். அவள் குரல், நடை எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. சிலர் கனவு மாதிரி லேசாக ஞாபகம் இருக்கிறது என்பார்கள். எனக்கு அந்த லேசும் கிடையாது. எனக்கு இருந்ததெல்லாம் நடுவீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படம்தான். பிளாஸ்டிக் மாலை, மேலே சிவப்பு ஜீரோ வாட் பல்பு, கண்ணாடியில் குங்குமம். படத்தில் இருந்தவளுக்கு வட்ட முகம், இரண்டு பக்கமும் மூக்குத்தி, தாடைக்குக் கீழே குறுக்காக ஒரு சின்னத் தழும்பு. கண்கள் நேராகப் பார்க்காது. கொஞ்சம் ஒருக்களித்து, அரிசி டிரம் இருந்த மூலையைப் பார்க்கும். சித்தி அடித்தால் நான் ஓடிப்போய் அந்த டிரம் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அங்கே உட்கார்ந்தால்தான் அம்மா என்னைப் பார்ப்பாள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி உப்பளத்துக்கு அனுப்பியபோதும் அங்கேதான் அழுதேன். கல்யாணம் நிச்சயமான அன்றும் அங்கே போய் நின்று, மாப்பிள்ளை பரவாயில்லையா என்று கேட்டேன்.

ஊரில் எல்லோரும், "அம்மாவ அப்பிடியே உரிச்சு வெச்சிருக்கா பாரு" என்பார்கள். சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. கல்யாணத்துக்குப் பிறகு என் கணவரிடம் சண்டை போட்டு, இன்னொரு பக்கமும் மூக்குக் குத்திக்கொண்டேன். எங்கம்மாவுக்கு இரண்டு பக்கமும் இருந்தது, எனக்கும் வேண்டும் என்று அடம். புண் பழுத்து ஒரு மாதம் மூக்கு வீங்கிக் கிடந்ததுதான் மிச்சம்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பர் கடைசியில், பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகச் சுவரில் இருந்ததையெல்லாம் இறக்கித் தரையோரம் சாத்தி வைத்திருந்தார்கள். சுனாமித் தண்ணீர் ஓடை வழியாக உப்பளத்தில் ஏறி, எங்கள் அப்பா வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டுப் போனது. அந்தத் தெருவில் உயிருக்குச் சேதம் இல்லை. கடற்கரைக் குப்பங்களில் நடந்ததைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை, அது வேறு துக்கம். எங்கள் வீட்டில் போனது அரிசி, துணிமணி, ஒரு டேப்ரிகார்டர், அப்புறம் அம்மாவின் படம். கண்ணாடிக்கு உள்ளே சேறு புகுந்து, காய்ந்து, உப்புப் பூத்துவிட்டது. கழுத்துக்குக் கீழே எல்லாம் போய், முகம் மட்டும் தப்பித்திருந்தது.

அடுத்த வருஷம் தம்பிக்கு, அதாவது சித்தியின் மகனுக்கு, கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கம் பூவாடைக்காரிக்குப் படைக்காமல் பந்தக்கால் நட மாட்டார்கள். புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகச் செத்துப்போனவள்தான் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. புதுப் புடவை, பூ, மஞ்சள், கொழுக்கட்டை எல்லாம் வைத்துக் கும்பிட்டால் குடும்பத்தைக் காப்பாள். மறந்துவிட்டால் வருகிற மருமகளைப் பிடித்துக்கொள்வாள். உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் கொடுத்தார்களா என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. செத்த பிறகு பயந்து பயந்து பட்டு எடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு என் அம்மாதான் பூவாடைக்காரி.

நான் அப்போது ஆரோவில் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்த்தேன். கோட்டக்குப்பத்தில் வாடகை வீடு. யூனிட் போனுக்குச் சித்தி கூப்பிட்டாள்.

"அந்தப் படத்த அப்பிடியே வெச்சுப் படைக்க முடியாதும்மா. அக்கா கோச்சுக்குவாங்க. நீதான் படிச்ச பொண்ணு, எடுத்துட்டுப் போயி கம்ப்யூட்டர்ல புதுசு பண்ணிக் குடு."

என் படிப்பை நிறுத்திய வாய்தான் படிச்ச பொண்ணு என்றது. போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். ஆனாலும் அது அம்மா வேலை. ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்குப் போய், படத்தை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மரக்காணத்துக்கு பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர்களுக்கெல்லாம் அந்தக் காலத்தில் போட்டோ பிடித்த ஸ்டூடியோ இப்போது ஜெராக்ஸ், லேமினேஷன் கடையாகிவிட்டிருந்தது. ஸ்டூடியோக்காரரின் மருமகள் நடத்தினாள். ஸ்டூடியோக்காரர் கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி, போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான், கண்ணு நான் போட்டது என்றார்.

"அப்பல்லாம் கல்யாணத்துக்கு யாரும்மா போட்டோ புடிச்சா? சாவுக்குத்தான் ஆள் வுட்டு அனுப்புவாங்க. உசுரோட இருக்கறவன் மூஞ்சி நாளைக்கும் இருக்கும். செத்தவன் மூஞ்சி சாயங்காலத்துக்கு மேல இருக்காதுல்ல? பொணத்த சேர்ல உக்கார வெச்சு, தாடைய கட்டி, சுத்தி சொந்தக்காரங்கள நிக்க வெச்சு எடுப்பேன். அப்பறம் மூஞ்சிய மட்டும் பெரிசு பண்ணி, கண்ண தொறந்து, நகை போட்டு, தேவைன்னா லேசா சிரிக்கக்கூட வெச்சுடுவேன். பாண்டிச்சேரிலேர்ந்து வந்து நிப்பாங்க என் டச்சப்புக்கு."

"எங்கம்மா கண்ணு நெஜமா எப்பிடி இருந்துச்சுங்க?"

"மூடித்தான் இருந்திருக்கும்" என்றார். கிண்டல் இல்லை. அவருக்குத் தெரிந்த பதிலைச் சொன்னார்.

படத்தை அவரிடம் விடாமல் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் கூனிமேடு தாண்டும்வரை மடியில் அதை வைத்து முறைத்துக்கொண்டே வந்தேன். டிரம் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுததை எல்லாம் பார்த்தது ஒரு பிரஷ் வேலையா? கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. அம்மா மேலேயே கொஞ்சம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஒரு யோசனையும் வந்தது. சாவுக்கு மட்டும்தான் கேமரா வருமென்றால், அம்மா வாழ வந்த பிறகு அந்த வீட்டில் வேறு சாவே விழவில்லையா? விழுந்திருந்தால், பிணத்தைச் சுற்றி நின்றவர்களில் அவளும் இருந்திருப்பாள், திறந்த கண்ணோடு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளுடைய சொந்தக் கண்ணை நான் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. அவள் கல்யாணப் படம் என்று ஒன்று கிடையாது. பிறந்த வீடு என்று இருந்த ஒரே அண்ணனும் பிழைக்கப் போன ஊரிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். எனக்கு வேறு வழி இல்லை.

அடுத்த ஞாயிறு போய்க் கேட்டேன். மருமகள் பரணைக் காட்டினாள்.

"நெகட்டிவ் எல்லாம் அங்கதான் கெடக்குதுக்கா. எலி குடித்தனம் பண்ணுது. குப்பையில போடலாம்னா இவுரு வுட மாட்டேங்குறாரு. நீங்களே ஏறிப் பாத்துக்குங்க."

ஏறினேன். ஊருக்கு ஒரு அட்டைப்பெட்டி, மேலே ஊர் பெயர். எங்கள் ஊர்ப் பெட்டியை இறக்கி, ஒவ்வொரு நெகட்டிவாக டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். எல்லாம் சாவு. நாற்காலியில் பிணம், சுற்றிலும் ஆட்கள். நெகட்டிவில் முகமெல்லாம் கறுப்பு, முடியெல்லாம் வெள்ளை. சின்ன வயதுப் பெண்கள்கூடத் தலை நரைத்து நின்றார்கள். எங்கள் வீட்டு வாசற்படியையும் அப்பாவின் மீசையையும் வைத்து மூன்று நெகட்டிவைப் பொறுக்கி எடுத்தேன். பாண்டிச்சேரியில் ஒரு கடையில் பிரிண்ட் போட்டு, அப்பாவின் அக்காவிடம் போனேன். அத்தை பக்கத்து ஊரில்தான் இருந்தாள். அப்பாவிடம் போகவில்லை. அம்மாவைப் பற்றிக் கேட்டால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார், அது எனக்குப் பழக்கம்.

முதல் படம் தாத்தா சாவு. தலைப்பாகை கட்டி உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் நிறையப் பெண்கள். அத்தை கண்ணுக்கு ரொம்பக் கிட்டே வைத்துப் பார்த்து, நகத்தால் ஓர் இடத்தைத் தொட்டாள்.

"இதோ, வாசக்காலுகிட்ட இடுப்புல கொடத்தோட நிக்கறா பாரு. இதான் உங்கம்மா. அப்பதான் வாக்கப்பட்டு வந்த புதுசு. துக்கம் கேக்க வந்த அத்தினி பேருக்கும் அவதான் தண்ணி மொண்டு ஊத்துனா. நாங்கெல்லாம் அழுதுட்டு இருந்தோம். அவளுக்கு இன்னா அழுக, நேத்து வந்தவ."

குடம் தெரிந்தது. இடுப்பு தெரிந்தது. முகத்துக்கு நேராக ஒரு கை குறுக்கே வந்து மறைத்திருந்தது. யாரோ தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கிய நேரம் பார்த்து எடுத்திருக்கிறார்.

"இது யாரு கை அத்த?"

அத்தை இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தாள். "என் கைதான்டி" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

இரண்டாவது, அப்பாவின் தம்பி சாவு. உப்புப் பாத்தி வரப்பில் பாம்பு கடித்துச் செத்தவர். அந்தப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, ஒருத்தி மட்டும் சுவரைப் பார்த்து நின்றாள். நீளப் பின்னல், முதுகு.

"முழுகாம இருக்கறவ பொணத்தப் பாக்கலாமா? நாந்தான் திரும்பி நில்லுடின்னேன்."

"அப்ப வயித்துல நானா?"

"நீ எங்கேர்ந்து வந்த? அது தலச்சம்புள்ள. ஆம்பளப் புள்ள. உனக்குச் சொல்லலியா யாரும்?"

யாரும் சொல்லவில்லை. எனக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறான். வருஷக்கணக்கில் அந்த வீட்டில் சோறு தின்றிருக்கிறேன், என்னைக் கட்டிக் கொடுத்தார்கள், சீர் செய்தார்கள், என் பிள்ளைக்கு மொட்டை போட்டார்கள், ஒரு வாய்கூட அதைச் சொல்லவில்லை. மூன்றாவது படம் அவனுடையது. பவுடர் பூசி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, குல்லா போட்டு ஒரு மடியில் படுக்க வைத்திருந்தார்கள். மடிக்காரியின் கழுத்தோடு படம் முடிந்துவிட்டது.

"தல எங்க அத்த?"

"உங்கப்பந்தான் புள்ள மட்டும் விழுந்தா போதும்னான். கிட்ட வந்து எடுத்தாரு அந்த ஆளு."

தலை இல்லை, ஆனால் கைகள் தெளிவாக விழுந்திருந்தன. குழந்தையின் பாதத்தை ஒரு கை மூடிப் பிடித்திருந்தது. விரல் இடுக்கெல்லாம் உப்புத் தண்ணீர் அரித்த புண், கட்டைவிரலில் ஒரு துணிக் கிழிசல் சுற்றியிருந்தது. அந்தப் புண் எனக்குத் தெரியும். எனக்கும் வந்திருக்கிறது. ராத்திரி சோற்றில் கை வைத்தால் உயிர் போகும். சட்டம் போட்டு மாட்டிய அந்த முகத்திடம் எனக்கு வராத அழுகை, இந்தக் கைகளைப் பார்த்ததும் பீறிட்டுக்கொண்டு வந்தது. அத்தை வீட்டுத் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

"அடிப் பாவி, செத்து முப்பது வருஷம் ஆனவளுக்கு இப்ப இன்னாடி ஒப்பாரி? அக்கம்பக்கத்துல இன்னா நெனப்பாங்க?" என்று அத்தை கதவைச் சாத்தினாள்.

அழுது முடித்து, "அம்மா பாக்க எப்பிடி இருப்பா?" என்று கேட்டேன்.

"எப்பிடி இருப்பா? நல்லாத்தான் இருப்பா. அதான் படம் மாட்டியிருக்குதே, பாத்துக்க" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "மொத மொத உங்கப்பன் அத மாட்டுனப்ப, வேற மாதிரி இருக்குதேடான்னுதான் கேட்டேன். டச்சப் பண்ணா அப்பிடித்தான்க்கான்னான். அப்பறம் பாத்துப் பாத்து அவதான்னு ஆயிடுச்சு" என்றாள்.

அது எனக்கு உறுத்தியது. அம்மா சாவில் எடுத்த முழுப் படம் எங்கே? எங்கள் ஊர்ப் பெட்டியில் அது இல்லை. ஸ்டூடியோக்காரரிடம் கேட்டதற்கு, "வேற பெட்டில கலந்திருக்கும், தேடிப் பாரும்மா" என்றார். தேடினேன். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தப் பரணில் போயின. என் கணவர், பொணத்த எண்ணுறதுக்கு லீவு நாளா என்று கத்தினார். தும்மல் வந்து இருமல் பிடித்தது. கடைசியில் தெற்கே ஓர் ஊரின் பெட்டியில் அந்த முகம் அகப்பட்டது. வட்ட முகம், இரண்டு பக்கமும் மூக்குத்தி, மூடிய கண். சந்தேகமே இல்லை, அது இதேதான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் எங்கள் வீடு இல்லை, ஓர் ஓட்டு வீடு இருந்தது. ஒரு பக்கம் கைத்தடியோடு ஒரு கிழவர், மறுபக்கம் மீசை முளைத்த மகன்கள். அப்பா இல்லை, அத்தை இல்லை. எங்கள் ஆட்கள் ஒருத்தர்கூட இல்லை.

வாசலுக்கு வந்து ஸ்டூடியோக்காரர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அட, ஆமா" என்றார். "இப்ப ஞாபகம் வருது. உப்பளத்து மேஸ்திரி, உங்கப்பாதானே? ரெண்டாவது கல்யாணம் வெச்சிருந்தாரு. மூத்தாளுக்குப் படம் வெச்சுப் படைச்சாத்தான் பொண்ண அனுப்புவோம்னு பொண்ணு வூட்ல சொல்லிட்டாங்களாம். மூத்தாளுக்குப் படமே எடுக்கல, இன்னா பண்றதுன்னு வந்து நின்னாரு. இது டச்சப் முடிஞ்சு ரெடியா இருந்துச்சு. ஆர்டர் குடுத்தவங்க வாங்க வரவே இல்ல. எடுத்துக் குடுத்துட்டேன்."

"வேற ஒருத்தரு பொண்டாட்டி படத்தையா?"

"பொம்பள மூஞ்சிதானேம்மா. பூவும் பொட்டும் வெச்சா எல்லாம் மகாலட்சுமிதான்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதினால் அச்சில் வராது. கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், மருமகள் வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தியைப் படமே எடுக்கவில்லை. இன்னொருத்தியைப் படம் எடுத்துவிட்டு வாங்கவே வரவில்லை. கட்டி வந்து, பெற்றுப் போட்டு, உழைத்துச் செத்த இரண்டு பெண்களும் இப்படித்தான் ஒருத்திக்கு ஒருத்தி மாற்றாகிப் போனார்கள். நானோ அவளுக்காக மூக்குக் குத்திக்கொண்டவள். ஊர் முழுக்கக் கூசாமல், உரிச்சு வெச்சிருக்கு என்று சொன்னதே, அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாளே பாண்டிச்சேரியில் அதற்குப் பிரிண்ட் போட்டு, அப்படியே அப்பா வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சித்தி உள்ளே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். போன வேகத்தில் கேட்டேன்.

"ப்பா, நடுவீட்ல மாட்டியிருந்த பொம்பள யாரு?"

"உங்கம்மாதான்" என்றார், துண்டைத் தேடிக்கொண்டே.

துண்டை எடுத்து நான் வைத்துக்கொண்டேன். அந்த நெகட்டிவுக்குப் போட்ட பிரிண்டை அவர் மடியில் போட்டேன். ரொம்ப நேரம் பார்த்தார். கிழவரையும் மகன்களையும் பார்த்தார். அப்புறம் தலை நிமிராமலே பேசினார்.

"மஞ்சக்காமாலைல போனா. உப்பு வாருற சமயம். மேகம் எறங்கிடுச்சு. உப்பு அம்பாரம் பூரா தொறந்து கெடந்துச்சு, மழ வுழுந்தா அத்தினி உப்பும் கரைஞ்சு பூடும். மத்தியானத்துக்குள்ள அவள எடுத்துட்டு, எல்லாரும் உப்பு மேல ஓல போட ஓடிட்டோம். போட்டோக்காரனக் கூப்புடல்லாம் எங்க நேரம்?"

"மழ வந்துச்சா?"

 "வரல" என்றார்.

அதற்குள் சித்தி மிளகாய்க் கையோடு வாசலுக்கு வந்திருந்தாள். பிரிண்டை எட்டிப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அப்ப நான் இத்தினி வருஷமா யாருக்குய்யா வெளக்கேத்துனேன்?"

 சித்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. அவளும் பயந்து பயந்துதான் வாழ்ந்திருக்கிறாள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் அந்தப் படத்தின் கீழே போய், அக்கா எடுத்துக்காதே என்று கும்பிட்டதை அவளே அழுதுகொண்டு சொன்னாள். இரக்கம் அதிக நேரம் நிற்கவில்லை. மூக்கைச் சிந்தி எறிந்துவிட்டு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"யாரா வேணா இருக்கட்டும். காப்பாத்துனாளா இல்லியா? இப்பப் போயி மாத்துனா அவ சும்மா இருப்பாளா? அவளே இருக்கட்டும். நீ இத வெளில சொல்லாத."

அம்மாவின் கைகள் விழுந்த படத்தை எடுத்துக் காட்டினேன். இதையாவது வைத்துப் படையுங்கள், இது நிஜமாக அவள் என்றேன்.

"கல்யாண வூட்ல செத்த புள்ள படமா? அதுவும் தல இல்லாத பொம்பள! உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்று சித்தி கத்தினாள். அப்பா அந்தப் படத்தைக் கையில் வாங்கவே இல்லை.

படையல் நடந்தது. ஜெராக்ஸ் கடை மருமகள் கம்ப்யூட்டரில் உப்புக் கறையை எல்லாம் எடுத்து, ரோஸ் கலரில் பட்டுப் புடவை கட்டிவிட்டுக் கொடுத்தாள். எடுத்துக்கொண்டு போனவள் நான்தான். ஏன் போனாய் என்று என் கணவர் கேட்டார். தம்பி கல்யாணம், அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்? தெரியாத பெண்ணின் முன்னால் புதுப் புடவையை மடித்து வைத்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். அத்தை ஆவேசம் வந்து ஆடினாள். ஆடிக்கொண்டே, "என் குடும்பத்த நான் பாத்துக்கறேன்" என்று சொன்னாள். நான் மட்டும் கும்பிடாமல் கை கட்டி நின்றேன். என் அம்மாவுக்கு ஒரு தடவைகூட அந்த வீட்டில் யாரும் படைத்ததில்லை என்பது அந்தக் கூட்டத்தில் மூன்று பேருக்குத் தெரியும். அதில் இரண்டு பேர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்தபோது அப்பா மட்டும் தனியாகப் பந்தல் ஓரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. குரலை இறக்கிக் கெஞ்சித்தான் கேட்டேன்.

"ப்பா, ஏன் படம் எடுக்கலன்னு இனிமே கேக்க மாட்டேன். எனக்கு வேற எதுவும் வேணாம். அம்மா மூஞ்சி எப்பிடி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு. நீதானே கூட வாழ்ந்த."

இந்தத் தடவை எழுந்து போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நிஜமாகவே தேடினார், நெற்றி சுருங்கியது. அவர் அப்படி முயற்சி செய்து நான் பார்த்ததில்லை. காத்திருந்தேன்.

"நல்ல லட்சணமா இருப்பாம்மா. வட்ட மூஞ்சி" என்றார். "இந்தப் பக்கம், தாடைக்குக் கீழ, குறுக்கால ஒரு தழும்பு இருக்கும். சின்னப்பவே வுழுந்து பட்டதாம். சிரிச்சாக்கூட அது தெரியும்."

அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். புதுசாகப் போட்ட படத்தில்கூட அது போகவில்லை, கம்ப்யூட்டரில் அழிக்க அழிக்க வந்துகொண்டே இருக்கிறது என்று மருமகள் சலித்துக்கொண்டாள். அது யாரும் விழுந்து பட்ட தழும்பு இல்லை. யாரோ ஒரு பெண் செத்த அன்றைக்கு அவள் தாடையை இழுத்துக் கட்டிய துணியின் தடம்.

அப்பா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. உள்ளே அவர் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் சொன்னார். என் அம்மா அங்கேயும் இல்லை.